நிரலில் பிழையில்லை, பழைய டிரைவரைத் தேடுங்கள்

நேற்றுவரை ஓடிய பைத்தான் நிரல் இன்று குரோம் உலாவியைத் திறக்க மறுக்கிறது. நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. லினக்சில் செலினியம் பழகும் மாணவர்கள் சிலர் இந்தக் கட்டத்தில், சரியாக இருக்கும் நிரலை அழித்துவிட்டு மறுபடியும் எழுத உட்காருகிறார்கள். இரவு முழுக்க வீண்.

கோளாறு பெரும்பாலும் வேறிடத்தில். செலினியத்தின் கட்டளைகளை உலாவியிடம் கொண்டுசேர்ப்பது குரோம்டிரைவர் என்ற சிறு மென்பொருள். இரண்டின் முதன்மைப் பதிப்பு எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். உபுண்டுவில் வழக்கமான புதுப்பிப்போடு குரோம் முன்னேறிவிடும். கையால் நிறுவிய டிரைவர் பழைய பதிப்பிலேயே நிற்கும். பிழைச் செய்தியே இரு எண்களையும் சொல்லிவிடுகிறது. அதன் நீளத்தைக் கண்டு மிரண்டு பலர் படிப்பதில்லை, அவ்வளவுதான்.

2022இல் வந்த செலினியம் 4.6 முதல், டிரைவர் இல்லாவிட்டால் பொருத்தமானதை அதுவே இறக்கிக்கொள்கிறது. ஆனால் கணினியின் தேடுபாதையில் பழையது கிடந்தால் அதையே எடுத்துக்கொள்ளும். முனையத்தில் ‘விச்’ கட்டளையுடன் டிரைவரின் பெயரைக் கொடுத்தால் அது இருக்கும் இடம் தெரியும். அதை நீக்குங்கள். நிரலுக்குள் அந்த இடத்தைக் குறிப்பிடும் வரி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

திரையில்லாத சர்வரில் ஓட்டுவோர் ‘ஹெட்லெஸ்’ தெரிவையும் சேர்க்கவேண்டும். இல்லையேல் எண்கள் பொருந்தினாலும் குரோம் திறக்காது.