ஊரைப் பற்றி எழுதப் புகும் பிள்ளைகளுக்கு

தம் ஊரைப் பற்றி நாலு வரி எழுதி உலகறியச் செய்வதற்கு இன்று அச்சகமும் வேண்டுவதில்லை, பத்திரிகாசிரியரின் தயவும் வேண்டுவதில்லை. கைப்பேசி ஒன்றே போதும். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலும் இதே நிலைதான். ஆனால் ஆசிரியர் ஒருவர் இடையில் இல்லாதபோது, அவர் பார்க்க வேண்டியவற்றையும் எழுதுகிறவரே பார்த்தாக வேண்டும். இதனைப் பெற்றோர் படித்துப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம் என்ற எண்ணத்தில் சில செய்திகளை இங்கு விரித்துரைக்க விழைகிறோம்.

பழவேற்காட்டைப் பற்றி எழுதுவோர் டச்சுக்காரரிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. 1613இல் அவர்கள் எழுப்பிய கெல்டிரியா கோட்டையும், சித்திரம் செதுக்கிய கற்கள் நிறைந்த அவர்தம் கல்லறைத் தோட்டமும் எழுதத் தக்கவையே. அதே வேகத்தில் மகிமை மாதா ஆலயத்தையும் டச்சுக்காரர் கணக்கில் சேர்த்துவிடுவது எளிது. அவர்களோ புரொட்டஸ்டாண்டு சபையினர். மாதா கோவிலின் வரலாறு அவர்களுக்கு முன் வந்த போர்த்துகீசியரைச் சேர்ந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கேட்டால் தீர்ந்துவிடும் ஐயம்!

பாடு முறையைப் பற்றி எழுதும்போதுதான் மிகுந்த கவனம் தேவை. வெளியூர் வாசகருக்கு அது புதுமையாயிருக்கும். ஆதலால் எழுதும் ஆசையும் மிகும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில், நல்ல மீன்பிடி இடங்களில் இன்னார் இன்ன நாளில் வலை கட்டலாம் என்பதைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பகிர்ந்துகொள்வர். பேராசைக்காரன் ஒருவனே நல்ல இடத்தை வளைத்துக்கொள்ளாதபடி முன்னோர் கண்ட ஏற்பாடு அது. ஆராய்ச்சியாளர் பலர் அதனைப் பாராட்டியுள்ளனர். ஆயினும் பாடு உரிமை பரம்பரையாக வருவது. அது இல்லாதவரும் இதே ஏரியை நம்பியே வாழ்கின்றனர். இறாலுக்கு ஏற்றுமதி விலை கிடைக்கத் தொடங்கியபின் அவர்களுடைய மனக்குறையும் வளர்ந்தது. பாடு உள்ள வீட்டுப் பிள்ளை எழுதினால் அதன் நீதி மட்டுமே தெரியும். இல்லாத வீட்டுப் பிள்ளை எழுதினால் அநீதி மட்டுமே தெரியும். ஆகவே அடுத்த குப்பத்திற்கும் நடந்து சென்று கேட்டபின் எழுதுவதே முறை. தாம் எந்தப் பக்கத்தவர் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவது இன்னும் நேர்மை. பஞ்சாயத்தில் பேசி முடியாத வழக்கைப் பெயர்களோடு வெளியே கொண்டுபோகலாகாது. எழுதியவர் மறந்துவிடுவார், பெயர் வெளியானவர்களோ மறுநாளும் ஒரே துறையில் படகு இறக்க வேண்டியவர்கள் அன்றோ?

துயரச் செய்தியிலும் இத்தகைய நிதானம் வேண்டும். 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்து பிறப்பு நாளில், சுற்றுலா வந்தோரை ஏற்றிச் சென்ற படகு ஏரியில் கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அந்நாள் வரும்போதெல்லாம் அதனை நினைவூட்டி, உயிர்காப்புச் சட்டையின்றிப் படகேறாதீர் என்று எழுதுவது நற்பணியே. இறந்தோர் படங்களைத் தேடியெடுத்து மீண்டும் பரப்புவது அப்பணியில் சேராது.

சேற்று நீரில் அமர்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களைக் கேளாமலே படமெடுப்போர் உண்டு. 'அக்கா, ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா?' என்று கேட்க எவ்வளவு நேரமாகும்? வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டியதுதான். பிறர் எடுத்த படமானால் அவர் இசைவு பெற்று அவர் பெயரையும் இட வேண்டும். வாடைக்காற்றில் எந்த மீன் வரும் என்பது பாட்டனாரிடம் கேட்டறிந்ததானால், பாட்டனார் சொன்னது என்றே எழுதலாமே!

எழுதியதில் பிழை நேர்ந்தால் சத்தமின்றி அழித்துவிடுவது சிலர் வழக்கம். முன்பே படித்தவர் பழைய தவற்றையே நம்பிக்கொண்டிருப்பார். எது தவறு, எது சரி, எந்த நாளில் திருத்தினோம் என்பதை அதே இடத்தில் எழுதி வைக்க வேண்டும். பிழையைச் சுட்டியவர் வயதில் இளையவராயினும் 'நீங்கள்' என்று விளித்து நன்றி கூறுக. வசைமொழி எழுதியவருக்கு விடையே வேண்டாம்.