ஜன்னலைப் பார்க்காதீர்கள், கூரையைப் பாருங்கள்

தெற்கு அந்தமானின் வண்டூர் கடற்கரையில் மண்ணைக் கெட்டித் தரை என்று நம்பி எதையும் கட்டிவிட முடியாது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. கரையோர மரங்கள் உப்புநீரில் நின்று பட்டுப்போயின, வயல்களுக்குள் கடல் வந்தது. இப்படி ஆடுவதும் அமிழ்வதுமான நிலத்துக்குத்தான் ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டில் கோதிக் பாணித் தேவாலயத்தைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) துறைமுக வாயிலில் இருக்கும் ராஸ் தீவில் அந்தப் பிரஸ்பிட்டேரியன் தேவாலயத்தின் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. 2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர் பெற்ற அந்த இடத்தைப் பார்க்கப் போகிறவர்கள், சுவரைப் பின்னிய வேர்களையும் வெறும் ஜன்னல் துளைகளையும் படமெடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். கோதிக் என்றாலே கூர்முனை ஜன்னல் என்று நமக்குப் பழகிவிட்டது. சென்னை சாந்தோம் பேராலயமும் அப்படித்தான் நம் கண்ணில் பதிந்திருக்கிறது. ஆனால் ஒரு வட்டாரத்தின் கோதிக் எது என்பதை ஜன்னல் சொல்லாது, கூரைதான் சொல்லும். கூரையை முடிவு செய்வதோ அந்த ஊர் மண்.

இதற்குக் காரணம் எளிய இயக்கவியல். கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுத்தால் விண்டுபோகும். ஆகவே கல்லால் கூரை போட வேண்டுமானால் வளைத்துத்தான் போட வேண்டும். வளைத்தால் எடை கீழே மட்டும் இறங்காது, சுவரைப் பக்கவாட்டில் வெளியே உதைக்கும். இடைவெளி மாறாமல் வளைவின் உயரத்தைக் கூட்டினால் அந்த உதைப்பு குறையும். அரைவட்ட வளைவில் உயரம் என்பது அகலத்தில் பாதிதான், அதற்கு மேல் போக வழியில்லை. கூர்வளைவில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. 1140களில் பாரிஸ் அருகே சாந்தெனி மடாலயத்தில் தொடங்கி, பிரெஞ்சுக் கொத்தர்கள் கூர்வளைவு, விலாவளைவுக் கூரை, வெளியிலிருந்து முட்டுக் கொடுக்கும் உதைசுவர் என்று அடுக்கிக்கொண்டே போனது இதனால்தான். வெட்டுவதற்கு வாகான சுண்ணாம்புக்கல் அவர்கள் காலடியில் கிடைத்தது. அப்படி இருந்தும், 48 மீட்டர் உயரத்துக்கு ஆசைப்பட்ட போவே பேராலயத்தின் கூரை 1284இல் இடிந்து விழுந்தது.

இந்தப் பாணி பால்டிக் கடலோரத்துக்குப் போனபோது அங்கே வெட்டக் கல் இல்லை. பனியாறுகள் விட்டுப்போன களிமண்தான் வட ஜெர்மன் சமவெளி முழுவதும். லூபெக் நகர வணிகர்கள் செங்கல் சுட்டார்கள். அவர்கள் கட்டிய மரியாள் தேவாலயத்தின் செங்கல் வளைகூரை 38.5 மீட்டர் உயரம். அதைப் பார்த்து அந்தக் கடலோரம் நெடுகச் செங்கல் கோதிக் பரவியது. செங்கல்லில் சிற்பம் செதுக்க முடியாது. அதனால் அச்சில் வார்த்த செங்கலும், பளபளப்பு பூசிய செங்கலும், படிப்படியாக ஏறும் முகப்புச் சுவருமே அலங்காரமாயின. பிரான்சின் பூவேலை அங்கே இல்லாமல் போனதற்கு ரசனைக் குறைவைக் காரணம் காட்டுவது அநியாயம்.

லூபெக் பணக்கார ஊராயிற்றே, கப்பலில் கல்லை வரவழைத்திருக்கலாமே என்று கேட்கலாம். வரவழைக்கவும் செய்தார்கள். காட்லாந்து தீவின் சுண்ணாம்புக்கல் பால்டிக் ஊர்களின் தேவாலய நுணுக்க வேலைகளில் இருக்கிறது. ஆனால் பெருஞ்சுவரும் கூரையும் உள்ளூர்ச் செங்கல்தான். சின்னப் பொருள் கடல் தாண்டி வரும், எடை வராது. அந்தமானிலும் இதே கணக்குதான். ராஸ் தேவாலயத்தின் ஜன்னல் சட்டங்களுக்குத் தேக்கு பர்மாவிலிருந்தும், பீடத்துக்குப் பின்னால் இருந்த கண்ணாடி இத்தாலியிலிருந்தும் வந்ததாகச் சொல்வார்கள். மேலே மட்டும் கல் வளைகூரை கிடையாது, மரச்சட்டக் கூரைதான்.

இதை வலுவான ஆட்சேபம் ஒன்று மறுக்கும்: லூபெக்கில் இருப்பது அசல் இடைக்கால கோதிக், நம் நாட்டில் இருப்பதோ ஆங்கிலேயர் படப்புத்தகத்தைப் பார்த்துக் கட்டிய நகல், அதற்கு ஏது வட்டாரத் தன்மை? நகல் என்பது உண்மை. லூபெக்கும் பிரான்சைப் பார்த்துக் கட்டியதுதான். நகலெடுக்கும்போது எதை விட நேர்ந்தது என்பதில்தான் வட்டாரம் பிறக்கிறது. கொல்கத்தாவின் புனித பவுல் பேராலயம் இதற்கு நல்ல சாட்சி. வில்லியம் நேர்ன் ஃபோர்ப்ஸ் வடிவமைத்து 1847இல் முடிந்த அந்தக் கட்டடத்தின் அகன்ற கூடத்துக்கு மேல் கல் வளைவு இல்லை, மரத்தாங்கிக் கூரைதான். கோபுரத்தில் மட்டும் அசலைப் போலவே உயரமான கூம்பு வைத்தார்கள். 1897 அசாம் நிலநடுக்கத்தில் அது சேதமாயிற்று. திரும்பக் கட்டினார்கள், 1934 பீகார் நிலநடுக்கத்தில் மறுபடியும் போயிற்று. அதன்பிறகு கூம்பைக் கைவிட்டு, கேன்டர்பரி பேராலயத்தின் கோபுரத்தைப் பின்பற்றிச் சதுரக் கோபுரம் எழுப்பினார்கள். கட்டியவர் விட்டுவைத்த திருத்தத்தை 87 ஆண்டுகளில் நிலமே போட்டுவிட்டது!

நிலநடுக்கத்தில் கட்டடத்தின் மீது பாயும் பக்கவாட்டு விசை அதன் நிறைக்கு ஏற்ப ஏறும். ஏற்கெனவே சுவரை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் கனத்த கல் கூரையை அந்த விசையும் உலுக்கினால் சுவர் விரியும், கூரை உள்ளே விழும். மரக்கூரை லேசானது; மூட்டுகளில் கொஞ்சம் நெகிழும்; சுவரை அதிகம் உதைக்காது. 1941 ஜூன் 26 அன்று அந்தமானைப் பெரும் நிலநடுக்கம் தாக்கி ராஸ் தீவு கைவிடப்படும் நிலைக்கு வந்தது. அடுத்த ஆண்டு மார்ச் 23இல் ஜப்பானியர் வந்திறங்கினர். 

தேவாலயத்தைப் பாழாக்கியது நிலநடுக்கமல்ல, பராமரிப்பின்மையும் மழையும் வேரும்தான் என்று ஒருவர் சொன்னால், பெரும்பாலும் சரி என்றே ஒப்புக்கொள்வேன். கைமரம் மட்கியதற்கு நிலநடுக்கத்தைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்த வாதம் என் பக்கத்தையே பலப்படுத்துகிறது. கூரை போன பிறகும் சுவர்கள் நிற்கின்றன. கல் வளைகூரை சரிந்திருந்தால் சுவர்களையும் இழுத்துக்கொண்டு போயிருக்க வாய்ப்பு அதிகம். பலவீனமாகத் தோன்றும் மரக்கூரைதான் இந்த மண்ணுக்கு ஏற்ற கோதிக் கூரை. அதைச் செலவுச் சிக்கனம் என்று ஒதுக்கிவிட்டு ஜன்னல் வளைவை மட்டும் பாரம்பரியம் என்பது பாதிப் படிப்பு.

அந்தமான் முழுவதும் நம் நிலநடுக்க வரைபடத்தில் அபாயம் மிகுந்த மண்டலத்தில் இருக்கிறது. வண்டூர்ப் பக்கம் புதிதாகத் தேவாலயமோ கோயிலோ பள்ளியோ கட்டுகிறவர்கள் முகப்பில் என்ன வளைவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். தலைக்கு மேல் கனத்தை ஏற்றுவதற்கு முன் ஒரு கட்டுமானப் பொறியாளரிடம் கணக்குப் போட்டுக் கேட்கட்டும்.