பள்ளிக்கூடச் சந்தியில் பச்சை அம்புக்குறி

ரொறன்ரோவிலிருந்து பெரியப்பாவின் மகன் கார் ஓட்டிக்கொண்டு வந்தால், முதல் சந்தியிலேயே நாங்கள் கத்தத் தொடங்கிவிடுவோம்: "அண்ணை, சிவப்பில திரும்பாதேங்கோ!"

ஒன்ராறியோவில் சிவப்பு லைட்டில் நிறுத்திப் பார்த்துவிட்டு வலப்பக்கம் திரும்பலாம். கியூபெக் மாகாணமும் 2003இல் இதை அனுமதித்தது, மொன்றியல் தீவை மட்டும் தவிர்த்து. நியூ யோர்க் நகரத்திலும் இதே தடைதான். சாரதிக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் பிள்ளையை நடத்திப் பள்ளிக்கூடம் அனுப்புகிறவர்களுக்கு இந்த ஒரு விதி பெரிய நிம்மதி.

'ஸ்மார்ட் சிக்னல்' என்றதும் கொம்பியூட்டரும் கமராவும் ஞாபகம் வரும். அது புதுச் சங்கதி அல்ல. ரொறன்ரோ 1963இலேயே கொம்பியூட்டரால் சிக்னல்களை இயக்கத் தொடங்கிவிட்டது. வீதித் தாருக்குக் கீழே புதைத்த கம்பிச் சுருள் மேலே வந்து நிற்கும் காரை உணரும். இப்போது கமராவும் அதைச் செய்யும். ஆனால் தாருக்குக் கீழுள்ள கம்பிக்கு உலோகம்தான் தெரியும், எட்டு வயதுப் பிள்ளை தெரியாது. பொத்தான் இருக்கிற சந்தியில் பிள்ளை அதை அமத்தாவிட்டால், அங்கே ஒருத்தரும் நிற்கவில்லை என்றுதான் கணக்கு.

அதனால்தான் எனக்கு மொன்றியலின் பச்சை அம்புக்குறியைப் பிடிக்கும். பல சந்திகளில் முதல் சில விநாடிகள் நேரே போகும் அம்பு மட்டும் எரியும். அந்த நேரம் கார்கள் திரும்பக் கூடாது. வட்டப் பச்சை வந்து கார்கள் திரும்பத் தொடங்குமுன் நடப்பவர் வீதிக்குள் இறங்கிவிடுவார், சாரதியின் கண்ணிலும் படுவார். இதற்குக் கமரா வேண்டாம், யாரை முதலில் விடுவது என்ற முடிவு இருந்தால் போதும்.

2022 டிசம்பரில் இதே நகரத்தில், பள்ளிக்கு நடந்துபோன 7 வயது உக்ரேனிய அகதிச் சிறுமி ஒருத்தியைக் கார் மோதிக் கொன்றது. அகதிகளாக வந்தவர்களின் பிள்ளைகளான எங்களுக்கு அந்தச் செய்தி இன்னும் மறக்கவில்லை. அதே ஆண்டு, ஆற்றுக்கு அக்கரையிலுள்ள பிறொசாரில் பள்ளி அருகே ஒரு லைட்டைப் பரீட்சித்தார்கள். அது எப்போதும் சிவப்பாகவே நிற்கும். வரும் கார் வேக எல்லைக்குள் வந்தால்தான் பச்சையாகும். காரை எண்ணாமல் அதன் வேகத்தைப் பார்க்கும் லைட். என் பார்வையில் இதுதான் உண்மையான கெட்டித்தனம்.

இனி விநாடிக் கணக்கு. கை மினுங்கத் தொடங்குமுன் கடைசியாகக் கால் வைத்தவரும் மறுகரை சேரவேண்டும். எண்கள் குறைந்துகொண்டு வருவது அதற்காகத்தான். அமெரிக்கக் கையேடு அதற்கு விநாடிக்கு 4 அடி நடை என்று கணக்கிட்டு வந்தது, 2009இல் அதை 3.5 அடியாகக் குறைத்தது. 14 மீற்றர் அகல வீதிக்கு அது ஏறத்தாழ 13 விநாடி. எங்கட வீட்டுப் பக்கத்திலுள்ள அந்த அகல வீதியில் கைபேசியோடு நின்று பார்த்தேன்: மகளுக்கு 11 விநாடி, அம்மாவுக்கு 17. பனிக்காலச் சப்பாத்தோடு மகளுக்கே 15 ஆனது.

மகள் இந்த செப்டெம்பரில் தனியாகப் போகக் கேட்கிறாள். எங்கட வீட்டு விதி மூன்று: பொத்தானைக் கட்டாயம் அமத்து, வெள்ளை மனிதர் தெரிந்ததும் இறங்கு, கை மினுங்கினால் அடுத்த பச்சைக்கு நில். திரும்பும் சாரதியின் முகத்தைப் பார்க்கவும் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளை காரைத்தான் பார்க்கும், ஆளைப் பார்க்காது.

நேரம் போதாத சந்தி உங்கட பக்கம் இருந்தால் 311க்கு அடியுங்கோ. சந்தியின் இரண்டு வீதிப் பெயர்களையும், எந்தப் பக்கம் கடக்கிறீர்கள், எத்தனை விநாடி கிடைக்கிறது என்பதையும் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கோ. அம்மாவின் 17ஐயும் நான் சேர்த்துத்தான் சொன்னேன்.