உபகாரச் சம்பளம்

பருத்திப்பட்டு என்ற பெயரிலே பருத்தியும் இருக்கிறது, பட்டும் இருக்கிறது. ஊர்ப் பெயர்களின் கடைசியில் வருகிற 'பட்டு'க்கும் காஞ்சிபுரத்துப் பட்டுக்கும் சம்பந்தமில்லை என்று பண்டிதர்கள் சொல்லக்கூடும். சொல்லட்டும். ஆவடியிலிருந்து பூவிருந்தவல்லி போகும் சாலையில் இறங்கி, ஏரிக்கரையில் ஒரு சாயங்காலம் உலாவி வந்த பிறகு, அந்தப் பெயர் மிகவும் பொருத்தமானதென்றே நமக்குத் தோன்றிற்று. அங்கே காற்று வாங்க வருகிற வயோதிகர்களில் சிலருடைய அந்திக் காலம் பட்டாக இருக்கிறது, சிலருடையது பருத்தி, இன்னும் சிலருடையது பருத்தியிலும் கிழிசல்.

ஒரே பெஞ்சியில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதலாமவர் ஆவடியில் 1961-ல் ஏற்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையில், டாங்கிகள் செய்யும் இடத்தில், முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். கடைசிச் சம்பளத்தில் பாதி அவருக்குப் பென்ஷன். விலைவாசி ஏறினால் வருஷத்துக்கு இரண்டு தடவை பஞ்சப்படியும் ஏறும். அவர் காலத்துக்குப் பிறகு மனைவிக்குக் குடும்ப பென்ஷன் உண்டு. எண்பது வயது நிரம்பினால் பென்ஷனில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வரும். 'அதற்காகவாவது எண்பது வரையில் இருக்க வேண்டும்' என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

இரண்டாமவர் அவருடைய தம்பி மகன். அதே தொழிற்சாலை, அதே கூரை, அதே வேலை. ஆனால் 2004-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதிக்குப் பிறகு சேர்ந்தவர். அந்தத் தேதிக்குப் பின் மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது. அவர்கள் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு பிடிக்கப்படுகிறது; சர்க்காரும் தன் பங்கைப் போடுகிறது. அந்தப் பணம் பங்குச் சந்தையிலும் கடன் பத்திரங்களிலும் இறங்கி வளர வேண்டியது. முடிவில் எவ்வளவு வரும் என்பதைச் சந்தை நிலவரந்தான் சொல்லும். தமிழ்நாட்டு சர்க்கார் இதற்கும் முந்திக்கொண்டு, 2003-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதியிலேயே தன் ஊழியர்களுக்கு இம்மாதிரி ஒரு கோட்டைக் கிழித்துவிட்டது.

மூன்றாமவர் பெஞ்சியின் ஓரத்தில் பட்டும் படாமலும் உட்கார்ந்திருந்தார். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் வேலை செய்தவர்.

"உங்களுக்கு எவ்வளவு வருகிறது, ஐயா?" என்று கேட்டோம்.

"ஆயிரத்து இருநூறு வருகிறது, சார்" என்றார். தினத்துக்கோ, வாரத்துக்கோ அல்ல. மாதத்துக்கு!

இந்த ஆயிரத்து இருநூறு எப்படி வந்தது என்பதை நேயர்கள் சற்றுப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி 1951-ல் ஓர் அவசரச் சட்டமாகப் பிறந்து, 1952-ல் முழுச் சட்டமாயிற்று. அதில் பென்ஷன் திட்டம் 1995 நவம்பரில்தான் சேர்ந்தது. தொழிலாளி தன் சம்பளத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு கட்டுகிறான். முதலாளியும் பன்னிரண்டு கட்டுகிறார். முதலாளி கட்டுவதில் 8.33 பங்கு பென்ஷனுக்குப் போகிறது. சர்க்கார் சேர்ப்பது 1.16 பங்கு. ஓய்வு பெறும்போது, கணக்குக்கு எடுத்த சம்பளத்தைச் சேவை வருஷங்களால் பெருக்கி எழுபதால் வகுக்கிறார்கள். நம் லேத் தொழிலாளியின் சம்பளம் ஏட்டில் ஆறாயிரம். சேவை ஏட்டில் பதினாலு வருஷம். பெருக்கி வகுத்தால் சரியாக 1,200. கணக்கில் பிழையில்லை. கணக்குப் போட்டவர்களையும் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறோம். ஆதரவற்ற முதியோருக்குத் தமிழ்நாட்டு சர்க்கார் 1962-ல், காமராஜர் முதன்மந்திரியாக இருந்த காலத்தில், மாதம் 20 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தது. அது வளர்ந்து வளர்ந்து 2023-ல் 1,200 ரூபாய் ஆயிற்று. ஆதரவற்றோருக்குக் கொடுப்பதை நாம் குறை கூறவில்லை. இன்னும் கொடுக்க வேண்டும். ஆயினும் பதினாலு வருஷம் சந்தா செலுத்தப்பட்ட ஒரு தொழிலாளியும், சந்தாவே செலுத்த வழியில்லாத ஓர் ஏழையும் அறுபதாவது வயதில் ஒரே தொகையில் வந்து நிற்பதானால், அந்தச் சந்தாவுக்கு என்ன அர்த்தம்?

பென்ஷனுக்கு நம் பெரியவர்கள் வைத்திருந்த பெயர் 'உபகாரச் சம்பளம்'. யார் யாருக்குச் செய்யும் உபகாரம்? வெள்ளைக்கார ஆட்சியில் ஐ.ஸி.எஸ். உத்தியோகஸ்தர்கள் ஓய்வு பெற்றுத் தங்கள் நாட்டுக்குத் திரும்பிய பிறகு, வருஷத்துக்கு ஆயிரம் பவுன் பென்ஷன் பெற்றார்கள். இந்தியக் குடியானவன் செலுத்திய வரியிலிருந்து 'ஹோம் சார்ஜஸ்' என்ற பெயரில் அந்தப் பணம் கப்பலேறிற்று. தாதாபாய் நௌரோஜி தேசத்தின் செல்வம் வடிந்து போவதைப் பற்றி எழுதியபோது இந்தப் பென்ஷனும் அந்த வடிகாலில் அடக்கம். ஆகவே, தவறாமல் பென்ஷன் கொடுக்கும் வித்தையை இந்தியாவின் கஜானா புதிதாகக் கற்க வேண்டியதில்லை. கடல் தாண்டியே கொடுத்துப் பழகிய கஜானா அது!

சுதந்திர இந்தியாவில் இந்த 'உபகாரம்' என்ற பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்தது சுப்ரீம் கோர்ட்டு. 1982-ஆம் வருஷம் டிசம்பர் 17-ஆம் தேதி, நகாரா என்பவர் தொடர்ந்த வழக்கில், பென்ஷன் என்பது எஜமானின் தயவைப் பொறுத்த தானமல்ல, செய்த வேலைக்காக ஏற்பட்ட உரிமை என்று ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அந்தத் தீர்ப்பு சர்க்கார் உத்தியோகஸ்தர்களைப் பற்றியது. லேத் பட்டறைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

2014 செப்டம்பரில் சர்க்கார் ஒரு காரியம் செய்தது. வைப்பு நிதிப் பென்ஷன் எவருக்கும் மாதம் 1,000 ரூபாய்க்குக் குறையக் கூடாதென்று நிர்ணயித்தது. அதற்குமுன் நூறும் இருநூறும் வாங்கியவர்கள் உண்டாகையால், இது நல்ல காரியந்தான். ஆனால் அதற்கு முந்திய வருஷமே பகத் சிங் கோஷ்யாரி தலைமையில் ராஜ்ய சபையின் மனுக் கமிட்டி மூவாயிரம் வேண்டுமென்று சிபார்சு செய்திருந்தது. அதற்குப் பின் அரிசி, பருப்பு, மருந்து, வீட்டு வாடகை எல்லாம் ஏறின. 2025-ஆம் வருஷம் முடியும் வரையில் அந்த ஆயிரம் மட்டும் அசையவில்லை. இதற்குப் பஞ்சப்படியும் கிடையாது.

2025 ஏப்ரல் முதல் மத்திய சர்க்கார் தன் ஊழியர்களுக்கு வேறொரு திட்டம் கொண்டு வந்தது. பத்து வருஷச் சேவை செய்தவர்களுக்குக் குறைந்தபட்சப் பென்ஷன் அதில் பதினாயிரம். வைப்பு நிதித் திட்டத்திலும் பென்ஷன் பெறப் பத்து வருஷச் சேவைதான் வேண்டும், குறைந்தபட்சம் ஆயிரம். இரண்டையும் வகுத்தது ஒரே சர்க்கார். நடுவில் இருப்பது ஒரு சைபர்! தமிழ்நாட்டு சர்க்காரும் 2026 ஜனவரியில் தன் ஊழியர்களுக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதியை உறுதி செய்யும் திட்டமொன்றை அறிவித்தது. சங்கம் வைத்துப் போராடியவர்கள் பெற்றார்கள்; மிகவும் சந்தோஷம். பெஞ்சியின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவருக்காக யார் போராடுவது?

'பணத்துக்கு எங்கே போவது?' என்று நிதி இலாகாவினர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சந்தாவுக்கு எடுத்துக்கொள்ளும் சம்பள வரம்பு 2014-ல் 15,000 ரூபாயாயிற்று. அதன்படி பென்ஷன் நிதிக்கு மாதம் போவது அதிகமாய்ப் போனால் 1,250 ரூபாய். அந்த விதையில் பெரிய மகசூலை எதிர்பார்க்க முடியாது என்பது உண்மையே. ஆனால் விதையின் அளவை நிர்ணயித்தது யார்? தொழிலாளியா? 'நீ சேமித்தே ஆக வேண்டும். இவ்வளவுதான் சேமிக்க வேண்டும். இந்தப் பெட்டியில்தான் போட வேண்டும்' என்று சட்டம் போட்டது சர்க்கார். கட்டாயப்படுத்திப் பிடிக்கும் உரிமை தனக்கு உண்டென்றால், அந்தப் பணம் முதுமையில் ஒரு குடும்பத்துக்கு ஆகாரத்துக்காவது காணும்படி பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அதனுடையதே. தன்னுடைய 1.16 பங்கை உயர்த்தட்டும். சந்தா வரம்பையும் உயர்த்தட்டும். விலைவாசியோடு பென்ஷனையும் கட்டட்டும். பருத்திப்பட்டுக்குப் பக்கத்திலே, இதே ஆவடியில், 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிஸ்டு பாணிச் சமுதாயமே லட்சியமென்று தீர்மானம் நிறைவேற்றிற்று. அந்தத் தீர்மானத்தை இந்த ஏரிக்கரையில் ஒரு முறை வாசித்துப் பார்க்கலாம்.

தொகை ஒரு புறம் இருக்க, அதைப் பெறுவதற்குப் படும் பாடு இன்னொரு கதை. தமிழனுடைய பெயருக்கு முன்னால் நிற்கும் ஓரெழுத்து இருக்கிறதே, அது செய்கிற உபத்திரவம் கொஞ்சநஞ்சமல்ல. கந்தன் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பட்டறை ஏட்டில் அவர் மு. கந்தன், ஆதாரில் கந்தன் முனுசாமி, பாங்கியில் வெறும் கந்தன். மூவரும் ஒரே ஆசாமி என்பது தெருவுக்கெல்லாம் தெரியும். இயந்திரத்துக்குத் தெரியாது. பிறகு, தாம் உயிரோடிருப்பதை வருஷத்துக்கு ஒரு முறை நிரூபிக்க வேண்டும். 2014-லிருந்து இதைக் கைரேகை வைத்தே செய்யலாமென்று ஏற்பாடாயிற்று. ஆனால் இரும்பைக் கடைந்து கடைந்து ரேகை தேய்ந்த விரலை அந்தக் கருவி எப்படி அறியும்? முகத்தைக் காட்டினாலே போதுமென்ற வசதி 2021-ல் வந்தது. எந்த பாங்கியின் எந்தக் கிளையிலும் பென்ஷன் வாங்கலாமென்ற ஏற்பாடு 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நல்லதைச் சொல்லாமல் விடக்கூடாது. இவை மெய்யாகவே நல்லவை.

வீட்டில் வேலைக்குப் போகும் பிள்ளைகள் இருக்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. சம்பளத்தில் பிடித்த பணம் நிதிக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை மாதா மாதம் கணக்கில் பார்க்கச் சொல்லுங்கள். பத்து வருஷம் நிரம்புமுன் வேலை மாறினால், பென்ஷன் பணத்தை வாங்கிச் செலவழித்துவிடாமல், பழைய சேவையைப் புதிய இடத்துக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். வாங்கிவிட்டால் அந்த வருஷங்கள் பென்ஷன் கணக்கிலிருந்து போனவைதான்.

லேத் தொழிலாளியிடம் கடைசியாக ஒரு சந்தேகம் கேட்டோம். முப்பது வருஷம் உழைத்தவருக்கு ஏட்டில் பதினாலு வருஷந்தானா?

"பாக்கி வருஷமெல்லாம் சின்னப் பட்டறைகள், சார். இருபது பேர் இருந்தால்தான் வைப்பு நிதிச் சட்டம். எங்கள் மஸ்டர் ரோலில் என்றைக்கும் பத்தொன்பது பேர்தான்."

"இப்போது பிள்ளை என்ன செய்கிறான்?"

"அவனும் எஸ்டேட்டில்தான், சார். லேத்திலேதான் நிற்கிறான்."

"அங்கே எத்தனை பேர்?"

அவர் ஏரியைப் பார்த்தார். "பத்தொன்பது" என்றார்.