பொய்யும் பிழையும்

வெளிமாநிலத்தில் பணிபுரியும் நமக்கு ஆங்கிலம் ஓர் ஊன்றுகோல். சில வேளைகளில் அதுவே நம் காலைத் தடுக்கிவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் சரக்கு எடைக் கணக்கில் வேறுபாடு கண்டு, வேறொரு நிலையத்து எழுத்தருக்கு, "உங்கள் கணக்கு ஒரு 'லை'" என ஆங்கிலத்தில் எழுதினோம். கணக்குத் தவறு என்பதே நம் கருத்து. அவரோ, தம்மை ஏமாற்றுக்காரரென நாம் பழிப்பதாகக் கொண்டார். அவர் கொண்டதே அச்சொல்லின் நேர்ப்பொருள். நாம் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

தமிழில் நண்பரிடம், "பொய் சொல்லாதீர்" என்று சிரித்துக்கொண்டே கூறுகிறோம். ஆங்கிலத்தில் 'லை' என்பது அறிந்தே ஏமாற்றுவதைச் சுட்டும் வன்சொல். அறியாது நேர்ந்ததை 'மிஸ்டேக்' என்க; பொருந்தாத கணக்கை 'இன்கரெக்ட்' என்க.

மேலும், 'பொய் சொன்னான்' என்பதை 'செட் எ லை' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தல் வழக்கன்று. 'டோல்ட் எ லை' என்பதே மரபு. பொய்யுரைத்தலுக்கு இறந்தகாலம் 'லைடு'. படுத்துக் கிடத்தலுக்கோ 'லே'. நிகழ்காலத்தில் இரண்டும் ஒரே எழுத்துகளால் ஆனவை என்பதால் நம் பிள்ளைகள் மயங்குவர். அவர்களுக்கு இதனை வீட்டிலேயே விளக்குவோம்.

இலக்கணப் பிழையை ஆசிரியர் திருத்துவார். பிறர் பிழையைப் பொய்யென்று எழுதிவிட்டால், திருத்த வேண்டியது நட்பையன்றோ?