திம்புள்ளத் தோட்டங்களும் சுகாதாரக் காப்புறுதியும்: யாருடைய பெயர் பதிவில் இருக்கும்?

குடிமக்கள் அனைவரும் பங்களித்துப் பயன்பெறும் தேசிய சுகாதாரக் காப்புறுதி நிதியம் எதுவும் இலங்கையில் இல்லை. வரிப்பணத்தைக் கொண்டு அரசு நடத்தும் வைத்தியசாலைகளில் கட்டணமின்றிச் சிகிச்சை பெறுவதே நாட்டின் அடிப்படை ஏற்பாடாக இருந்துவருகிறது. சுகாதாரக் காப்புறுதி என்பது, நலமாக இருக்கும் காலத்தில் பலரிடமிருந்தும் சிறு தொகைகளைத் திரட்டி, அவர்களுள் நோயுற்றவரின் செலவை அத்திரட்டிலிருந்து ஈடுசெய்யும் முறையாகும். இலவச மருத்துவம் நிலவும் நாட்டிலும் மொத்தச் சுகாதாரச் செலவில் ஏறக்குறையப் பாதியைத் தனியார் செலவே அடைத்துக்கொள்வதாலும், அதில் பெரும்பகுதி மக்கள் தம் கையிலிருந்து நேரடியாகக் கொடுப்பதாக இருப்பதாலும், அத்தகைய காப்புறுதி ஒன்று தேவையா என்ற கேள்வி மீண்டும் மீண்டும் எழுகிறது. தலவாக்கலை, லிந்துலை, பத்தனை, கொட்டகலை எனப் பரந்துள்ள திம்புள்ளத் தேயிலைத் தோட்டங்களில் அக்கேள்வி வேறொரு வடிவம் கொள்கிறது. ஏனெனில் அங்கு வாழ்வோர் இலவச மருத்துவத்துக்குள்ளேயே இன்னும் முழுமையாக வந்து சேராதவர்கள்.

இதன் வேர் குடியேற்ற ஆட்சிக் காலத்தில் இருக்கிறது. 1872இல் தொடங்கி 1912இல் விரிவுபெற்ற மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளான லயங்களைத் துப்புரவாக வைத்திருத்தல், நோயுற்ற தொழிலாளரைக் கவனித்தல், நோய் கடுமையானால் மாவட்ட வைத்திய அதிகாரியை அழைப்பித்தல், பச்சிளங் குழந்தைகளுக்கு உரிய பராமரிப்பு அளித்தல் ஆகிய கடமைகளைத் தோட்ட முகாமையாளரான துரையின்மீது சுமத்தியது. தொழிலாளியின் உடல்நலத்துக்கு ஒரு சட்டப் பாதுகாப்பு கிடைத்தது என்ற வகையில் இது முன்னேற்றமே. ஆயினும் அதே சட்டம், தோட்டத்து நோயாளியை நாட்டின் பொது நோயாளியாக அன்றி, துரையின் பொறுப்பிலுள்ள ஆளாகவே வகைப்படுத்தியது. நாட்டின் பிற பகுதிகளில் அரச சுகாதார சேவை கிராமம் வரை கிளைவிட்ட பின்னரும் தோட்ட எல்லைக்குள் இந்தப் பிரிவினை நீடித்தது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையான போதும், 1992இல் அவற்றின் முகாமைத்துவம் பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்ட போதும் மருந்தகம் தோட்டத்துடனேயே கைமாறியது. கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் அரசும் சேர்ந்த பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் ஒருங்கிணைப்புப் பணியை ஏற்றது. 1990களில் தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. ஆனால் அப்பணி பாதியில் நின்றது.

ஆகவே இன்று ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குக் காய்ச்சல் கண்டால், பல தோட்டங்களில் அவர் முதலில் காண்பது அரச வைத்தியரை அல்ல, தோட்டம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் டிஸ்பென்சரையே. இம்மருத்துவ உதவியாளர்களுள் அக்கறையோடு பணிபுரிந்து மக்களின் நன்மதிப்பைப் பெற்றோர் பலர் உண்டு என்பதை மறுக்க இயலாது. ஆனால் ஒருவர் வேலைக்கு வராவிட்டால் நட்டப்படும் நிர்வாகத்தின் ஊழியரே, அவர் வேலைக்கு வரத் தகுதியானவரா, வெளி வைத்தியசாலைக்கு அனுப்பப்பட வேண்டியவரா என்று முதலில் தீர்மானிப்பவராகவும் இருப்பது, தனிமனிதரின் நல்லெண்ணத்தால் மட்டும் சரிசெய்ய முடியாத அமைப்புக் குறைபாடாகும். அரச வைத்தியசாலைக்கு நேரே செல்வதற்கு எந்தக் குடிமகனுக்கும் தோட்டத்தின் துண்டோ அனுமதியோ தேவையில்லை என்பதை லயத்திலுள்ள ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் வேண்டும். அவசர நிலையில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவையும் முற்றிலும் இலவசமானது. 2016இல் இந்திய நன்கொடையுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த இச்சேவைக்குத் தோட்டத்துப் பாதைகளின் நிலைமையே பெருந்தடையாக இருப்பதால், வண்டி எந்த இடம்வரை வர முடியும் என்பதையும் நோயாளியை அங்கு கொண்டுவருவது எவ்வாறு என்பதையும் முன்கூட்டியே பேசிவைப்பது உயிர்காக்கும்.

வைத்தியசாலையை அடைந்த பின் கட்டணம் இல்லை. செலவு வேறிடத்தில் இருக்கிறது. 2024 செப்டெம்பரில் தேயிலைத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. நாட்கூலிக்காரருக்குச் செக்ரோல் என்னும் வரவுப் பதிவேட்டில் பெயர் விழாத நாள் சம்பளமற்ற நாள், கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாட் சம்பளம். சர்க்கரை நோய்க்காக மாதந்தோறும் கிளினிக் செல்பவர் அன்றைய பெயரை இழக்கிறார், பஸ்ஸுக்கோ ஓட்டோவுக்கோ கொடுக்கிறார், வைத்தியசாலையில் கைவசம் இல்லாத மருந்தையும் அங்கு செய்ய முடியாத பரிசோதனையையும் வெளியில் பணம் கொடுத்துப் பெறுகிறார். துணைக்கு ஒருவர் சென்றால் இரு பெயர்கள் போகும். 2022இன் பொருளாதார நெருக்கடியில் அரச வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு தலைதூக்கியபோது இவ்வெளிச் செலவே பல குடும்பங்களைக் கடனாளியாக்கியது. 2017 மே மாதம் இந்திய உதவியுடன் டிக்கோயாவில் திறக்கப்பட்ட 150 படுக்கை கொண்ட ஆதார வைத்தியசாலை அயல் மக்களுக்குப் பெரும் ஆறுதல் என்பது உண்மை. ஆனால் கட்டடம் அருகில் வந்தாலும் இழந்த நாட்சம்பளம் திரும்பி வருவதில்லை.

இவ்விடத்தில் தமிழ்நாட்டின் அனுபவம் கருதத்தக்கது. அங்கு 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், அதற்குப் பதிலாக 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் அறிமுகமாகின. பிந்தையது பின்னர் ஒன்றிய அரசின் திட்டத்துடன் இணைக்கப்பட்டு, குடும்பமொன்றுக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. இதய அறுவை, புற்றுநோய்ச் சிகிச்சை போன்றவற்றில் இவை பல ஏழைக் குடும்பங்களைக் காத்துள்ளன. எனினும் அவற்றின் பாதுகாப்பு பெரும்பாலும் வைத்தியசாலையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே. அன்றாட மருந்து, போக்குவரத்து, இழந்த கூலி ஆகியவை வெளியே நிற்கின்றன. திம்புள்ளயின் நோயாளிக்கு வலிக்கும் இடமோ அதுதான். குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் உள்ளவருக்கே அங்குக் கதவு திறக்கிறது என்பதும் மலையகத்தார் ஊன்றி நோக்க வேண்டிய செய்தியாகும். மேலும், இலங்கையின் 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவாய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியோர் நாடளாவில் சுமார் 17 சதவீதமாகவும் தோட்டத்துறையில் சுமார் 32 சதவீதமாகவும் இருந்தனர். இவ்விடைவெளியை எந்தக் காப்புறுதி அட்டையும் நிரப்பாது. சம்பளமும் சத்துணவும் குடும்பநல மருத்துவிச்சியின் வருகையுமே நிரப்பும்.

தேசியக் காப்புறுதி இல்லையென்றாலும் தொழிலாளிக்கு உரிய காப்புகள் பல சட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன. கேட்காதவருக்கு அவை கிடைப்பதில்லை. 1958ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதியத்துக்குத் தொழிலாளி 8 சதவீதமும் தொழில்தருநர் 12 சதவீதமும் செலுத்த, 1980ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில்தருநர் மட்டும் 3 சதவீதம் செலுத்த வேண்டும். முன்னதை ஓய்வுகாலச் சேமிப்பாகவே மக்கள் அறிவர். ஆனால் 2012ஆம் ஆண்டின் திருத்தம், பத்தாண்டுகள் உறுப்புரிமையும் கணக்கில் குறைந்தது 3 இலட்சம் ரூபா மீதியும் உள்ளவர், மருத்துவச் சிகிச்சைக்காகவும் 30 சதவீதம் வரை முன்கூட்டியே பெற வழிசெய்தது. பின்னதோ, இதய அறுவை, சிறுநீரக மாற்று, கண்வில்லை பொருத்துதல் ஆகியவற்றுக்கு உதவித்தொகையும், உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்குக் காப்புறுதித் தொகையும் அளிக்கிறது. அதாவது பெயர் பதிந்த தொழிலாளி ஏற்கெனவே ஒருவகைச் சுகாதாரக் காப்புறுதியில் இருக்கிறார். தொழில்தருநர் பங்களிப்பைச் செலுத்தாமல் நிலுவை வைக்கும்போது ஓய்வுகாலச் சேமிப்பு மட்டுமன்றி இப்பாதுகாப்பும் ஆபத்துக்குள்ளாகிறது. நிலுவைக்கு 50 சதவீதம் வரை மிகைக்கட்டணம் விதிக்கச் சட்டம் இடமளிப்பதால், சம்பளத் துண்டில் கழிக்கப்பட்ட தொகை கணக்கில் சேராதவர்கள் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறையிடலாம்.

குளவிக் கொட்டு இதனினும் கூர்ந்து நோக்கத்தக்கது. தேயிலைச் செடியின் அடியிலோ நிழல்மரத்திலோ கட்டிய கூடு கலைந்து, கொழுந்துக் கூடையைக் கழற்றி எறிந்து ஓட வழியில்லாத சரிவில் பெண்கள் கொட்டுவாங்கி மயங்குவதும், சிலர் உயிரிழப்பதும் ஆண்டுதோறும் நிகழ்கிறது. இதனை விதியென்று சொல்லிக் கடந்துவிடுவோர் பலர். ஆனால் சட்டப்படி, வேலையின்போதும் வேலையின் காரணமாகவும் நேர்ந்த விபத்து இது. 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இத்தகைய காயத்துக்கும் மரணத்துக்கும் தொழில்தருநரைப் பொறுப்பாக்குகிறது. 2022ஆம் ஆண்டின் திருத்தம் உச்ச நட்டஈட்டை 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியது. மரணத்துக்கான தொகை நட்டஈட்டு ஆணையாளரிடம் வைப்புச் செய்யப்பட்டு அவர் வழியாகவே தங்கிவாழ்வோருக்குச் சேர வேண்டுமாதலால், ஈமச்செலவுக்கென்று கொடுக்கப்படும் சிறு தொகையைப் பெற்றுக்கொண்டு எல்லாம் தீர்ந்தது என்று கையொப்பமிடுவது குடும்பத்துக்குப் பேரிழப்பாகும். கொட்டுவாங்கிய நாளிலேயே டிஸ்பென்சரியின் பதிவேட்டில் இடமும் நேரமும் எழுதப்பட்டனவா என்று பார்ப்பதும், வைத்தியசாலை தரும் நோய் நிர்ணய அட்டையைப் பத்திரப்படுத்துவதும், அன்று அதே நிரையில் நின்றவர்களின் பெயர்களைக் குறித்துக்கொள்வதும் பிற்பாடு கோரிக்கையின் உயிர்நாடியாகும்.

மகப்பேற்றைப் பொறுத்தவரை, 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்துக்கு 2018இல் வந்த திருத்தத்தால், மூன்றாம் குழந்தை முதல் விடுமுறையைக் குறைத்த பழைய வேறுபாடு நீங்கி, எத்தனையாவது குழந்தையாயினும் தாய்க்கு 84 நாட்கள் உரியவையாயின. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலூட்ட, பிள்ளைக்காம்பரா எனப்படும் குழந்தைகள் காப்பகம் இருக்குமிடத்தில் நாளுக்கு இருமுறை அரைமணி வீதமும், இல்லாத இடத்தில் ஒருமணி வீதமும் இடைவேளை தரப்பட வேண்டும். பிள்ளைக்காம்பராவிலிருந்து எட்டிய மலைக்கு அனுப்பப்பட்ட தாய்க்கு அந்த அரைமணி நடைக்கே போதாது என்பதை நிர்வாகத்திடம் எடுத்துரைப்பது தொழிற்சங்கத் தலைவரின் கடமையாகும். பெரும் சிகிச்சைச் செலவுக்கு ஜனாதிபதி நிதியத்தின் உதவியைப் பெறக் கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை. 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

இவை அனைத்திலும் கோரிக்கைகள் முடங்குவது பெரும்பாலும் பெயரிலேயே. செக்ரோலில் வீட்டில் அழைக்கும் பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று, அடையாள அட்டையில் சிங்கள ஒலிப்புக்கேற்பத் திரிந்த வேறொன்று என மூன்று பெயரில் வாழும் தொழிலாளிக்கு, நிதியத்தில் ஒரே ஆள் என்று நிறுவுவதே பெரும்பாடாகிவிடுகிறது. நோய் வருவதற்கு முன்பே இவ்வாவணங்களைப் பிரதேச செயலகத்தின் துணையுடன் ஒன்றாக்கிக்கொள்ளுதல் வேண்டும். அரசியலமைப்பின்படி தமிழும் நிருவாக மொழியாதலால், விண்ணப்பத்தைத் தமிழில் கொடுத்துத் தமிழில் பதில் பெறுவது சலுகையன்று, உரிமை.

சீர்திருத்தம் பற்றிப் பேசுவோர் இனி நோக்க வேண்டிய இடம் இப்பதிவேடே. சம்பளத்திலிருந்து பங்களிப்பைப் பிடித்து நடத்தப்படும் எந்தக் காப்புறுதியும் பதிவில் உள்ளவரையே சென்றடையும். தோட்டங்களில் குடியிருப்போருள் அத்தகையோர் இன்று சிறுபான்மையினர். கொழும்புக் கடைகளிலும் நுவரெலியாவின் மரக்கறித் தோட்டங்களிலும் கைக்காசுக்கு உழைப்போருக்குப் பங்களிப்பைச் செலுத்த யாருமில்லை. இதற்கிடையே தேயிலை நிரைகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, பறித்த கொழுந்துக்கு மட்டும் பணம் கொடுக்கும் வருமானப் பங்கீட்டு முறை பல கம்பனிகளில் பரவிவருகிறது. கையில் கிடைக்கும் தொகை சில மாதங்களில் கூடுதலாகத் தோன்றலாம். ஆனால் தொழிலாளி சுயதொழில் புரிபவராகக் கணிக்கப்பட்டால் 12 சதவீதமும் 3 சதவீதமும் மகப்பேற்றுச் சம்பளமும் குளவிக் கொட்டுக்கான நட்டஈடும் ஒருசேரக் கேள்விக்குறியாகும். ஆகவே ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன், அதன் தமிழ்ப் பிரதியைக் கேட்டு வாங்கி, சேமலாப நிதியப் பங்களிப்பு தொடருமா, விபத்துக்கு யார் பொறுப்பு என்பவற்றை எழுத்தில் பெறவேண்டும். எழுத்தில் தர நிர்வாகம் மறுத்தால், கையொப்பமிடாமல் அப்பிரதியைத் தொழிற்சங்கத்திடமும் தொழில் அலுவலகத்திடமும் காட்டி ஆலோசனை பெறலாம். ஒப்பந்தத்துக்கு என்ன பெயர் சூட்டப்பட்டாலும், வேலையை ஏவுபவர் யார், கொழுந்தை நிறுத்து விலையைத் தீர்மானிப்பவர் யார் என்ற உண்மை நிலையை முன்வைத்து ஊழியர் என்ற உரிமையைக் கோரச் சட்டத்தில் இடமுண்டு.