வீட்டோடு வனம் புகுந்தோம்

அமெரிக்க நாட்டில் இல்லத்தையே சக்கரங்களின்மீது ஏற்றிக்கொண்டு காட்டிற்குச் செல்லும் வழக்கம் பரவலாக உண்டு. படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கழிவறை யாவும் அடங்கிய அவ்வண்டியை ஆர்.வி. என்று அழைக்கின்றனர். இயந்திரம் பொருந்தித் தானே ஓடுவது ஒரு வகை. வேறொரு வண்டியின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லும் டிரெய்லர் மற்றொரு வகை. 2023ஆம் ஆண்டு அக்டோபரில், அட்லாண்டா நகரில் வாழும் எங்கள் மகளின் குடும்பத்தோடு, முதல் வகை வண்டியில் கிரேட் ஸ்மோக்கி மலைக் காட்டிற்குச் சென்று மூன்று இரவுகள் தங்கி வந்தோம். வாசகர் பலருடைய பிள்ளைகளும் இன்று அந்நாட்டில் குடியிருப்பதால், அப்பயணத்திற்கு நாங்கள் ஆயத்தம் செய்த விதத்தை எழுதத் துணிந்தோம்.

முதலில் அக்காட்டைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். டென்னசி, வட கரோலினா ஆகிய இரு மாநிலங்களின் எல்லையில் ஐந்து லட்சம் ஏக்கருக்கும் மேலாகப் பரந்து கிடக்கிறது அது. மரங்கள் வெளியிடும் ஆவி ஈரக் காற்றோடு கலந்து நீல நிறப் புகைபோல் மலைகளின்மீது படிகின்றமையால் 'புகை மலை' என்னும் பெயர் உண்டாயிற்று. ஒரு காலத்தில் மர வணிகர் இதன் பெரும்பகுதியை வெட்டித் தீர்த்துவிட்டனர். பின்னர் நிலங்களை விலைக்கு வாங்கி, 1934இல் தேசியப் பூங்காவாக நிறுவினர். இன்று நாம் காணும் அடர்வனத்தில் பெரும்பகுதி வெட்டுண்டபின் மீண்டும் தழைத்ததே. நுழைவுக் கட்டணம் இல்லை. ஆயினும் 2023 மார்ச் முதல், பூங்காவினுள் பதினைந்து நிமிடத்திற்கு மேல் வண்டியை நிறுத்துவோர் கட்டணச் சீட்டு வாங்கவேண்டும்.

திட்டமிடல் ஏப்ரல் மாதத்திலேயே தொடங்கிற்று. முகாம் இடங்களை ஆறு மாதங்களுக்கு முன்னதாகவே பதிவு செய்யலாம்; அக்டோபரில் இலைகள் செந்நிறமும் பொன்னிறமும் கொள்ளும் காலமாதலால் கூட்டம் மிகுதி. மருமகனோ முப்பத்தோரடி நீள வண்டியொன்றின்மீது கண் வைத்திருந்தார். “மாமா, வண்டி பெரிதாக இருந்தால் உங்களுக்கும் அத்தைக்கும் வசதியாக இருக்குமே” என்றார். அன்பான பேச்சுத்தான். ஆனால் இடத்தை முடிவு செய்யாமல் வண்டியை முடிவு செய்வது, கால் அளவு பாராமல் செருப்பு வாங்குவதைப் போன்றது. கேட்ஸ் கோவ் முகாமில் நாற்பதடி மோட்டார் வண்டியும் நுழையலாம், எல்க்மாண்டில் முப்பத்தைந்தடி வரை, காஸ்பியிலோ இருபத்தைந்தடிதான். ரோரிங் ஃபோர்க் என்னும் அழகிய வனச்சாலையில் இவ்வண்டிகளுக்கு அனுமதியே இல்லை. வளைந்து வளைந்து செல்லும் மலைச்சாலையில் நீண்ட வண்டியை ஓட்டிப் பழகாதவர், இயற்கைக் காட்சியைக் காண்பதற்கு மாறாகத் தம் வண்டியின் வாலையே கண்டுகொண்டிருப்பர். இறுதியில் இருபத்தைந்தடி வண்டியை ஏற்பாடு செய்தோம். மகள் தன் காரையும் உடன் ஓட்டிவந்தாள். அந்தக் கார் இல்லாவிடில் 6,643 அடி உயரமுள்ள சிகரத்தின் அருகே வண்டி நிறுத்த இடம் தேடியே பகற்பொழுது கழிந்திருக்கும். அப்போது கிளிங்மன்ஸ் டோம் எனப்பட்ட அச்சிகரத்திற்கு, செரோக்கி மக்கள் வழங்கிய குவோகி என்னும் பழைய பெயரை 2024இல் மீட்டளித்தனர்.

எங்களுக்கிருந்த மெய்யான கவலை வேறு. எங்களுள் மூத்தவருக்கு உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய் உண்டு. முகமூடி வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் சிறு இயந்திரம் இன்றி அவர் உறங்கலாகாது என்பது மருத்துவர் கட்டளை. கேட்ஸ் கோவ் முகாமிலோ வண்டிகளுக்கு மின் இணைப்பு கிடையாது. ஜெனரேட்டரைப் பகலில் குறித்த நேரத்தில் மட்டுமே இயக்கலாம். இதை அறிந்ததும் மூத்தவர், “நான் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன், நீங்கள் போய்வாருங்கள்” என்று கூறிவிட்டார். தாத்தா வராவிடில் தானும் வருவதற்கில்லை என்று பேரன் அடம்பிடித்தான்.

மருமகன் தாளை எடுத்துக் கணக்கிட்டார். காற்றை ஈரப்படுத்தும் பகுதியை நிறுத்திவிட்டால், இயந்திரம் எட்டு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 300 வாட்-மணி மின்சாரம் கொள்ளும். வண்டியிலுள்ள பன்னிரண்டு வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய பாட்டரி 1,200 வாட்-மணி கொண்டதாயினும், அது கெடாதிருக்க அதில் பாதியையே பயன்படுத்துதல் நன்று. ஆக, 600. போதும் என்று மகிழ்ந்தோம். அறையைச் சூடாக்கும் கருவி எரிவாயுவில் எரிந்தாலும், அதன் விசிறி அதே பாட்டரியிலிருந்துதான் சுழல்கிறது என்பது பிறகே நினைவுக்கு வந்தது. குளிர்ந்த இரவில் அவ்விசிறி மட்டுமே முந்நூறுக்கு மேல் விழுங்கிவிடும். கணக்கு இடித்தது.

ஆகையால் புறப்படுவதற்கு முந்தைய இரவு, வீட்டு வாசலில் நின்ற வண்டியிலேயே மூத்தவரைப் படுக்கவைத்துச் சோதித்தோம். அண்டை வீட்டார் என்ன எண்ணினரோ அறியோம்! விடியற்காலை மூன்று மணியளவில் இயந்திரம் நின்றுவிட்டது. வாடகைக்குக் கொடுத்தோர் புதியதென்று கூறிய பாட்டரி பழையது. முறையிட்டபின் மாற்றித் தந்தனர். காட்டினுள் இது நிகழ்ந்திருந்தால், தொலைபேசித் தொடர்பும் இல்லாத அவ்விடத்தில் என்ன செய்திருப்போம் என்று நினைக்கையில் இன்றும் நெஞ்சு பதறுகின்றது.

அதன்மேல் இரு ஏற்பாடுகள் செய்தோம். இயந்திரத்திற்கென்றே 500 வாட்-மணி கொண்ட தனிப் பாட்டரி ஒன்றை வாங்கினோம். முதல் இரண்டு இரவுகளைப் பூங்காவிற்கு வெளியே டவுன்சென்ட் என்னும் சிற்றூரில், மின்சாரம், குடிநீர், கழிவுநீர்க் குழாய் மூன்றும் உள்ள தனியார் முகாமில் கழித்தோம். மூன்றாம் இரவு மட்டும் கேட்ஸ் கோவ். காட்டின் நடுவே தங்குவதே இன்பம் என்போர் இதைக் கேலி செய்யலாம். பூங்கா முகாம்களில் குளிக்கும் அறைகள் இல்லை, குழாயில் வருவதும் குளிர்நீரே என்பதையும் சேர்த்து எண்ணினால், முதியோரும் சிறாரும் உள்ள குடும்பத்திற்கு இதுவே ஏற்றது என்பது எங்கள் கருத்து.

விறகு பற்றி ஒரு சொல். வெளியூர் விறகோடு மரங்களைக் கொல்லும் பூச்சிகள் வந்துசேர்கின்றமையால், வெப்பத்தால் பதப்படுத்தியதாகச் சான்று பெற்ற விறகையே உள்ளே கொண்டுசெல்லலாம். அக்காட்டில் ஏறத்தாழ 1,900 கருங்கரடிகள் வாழ்கின்றன. உணவு, பாத்திரம், குப்பை, பற்பசை வரை யாவற்றையும் வண்டியினுள் பூட்டிவைக்க வேண்டும். மகள் கட்டிவந்த புளிச்சோற்றின் மணம் கரடிக்குப் பிடிக்குமா என்று பேரன் ஓயாது கேட்டுக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் மாலை கேட்ஸ் கோவ் சேர்ந்தோம். பள்ளத்தாக்கைச் சுற்றிவரும் பதினொரு மைல் ஒருவழிச் சாலையில் மகளின் காரில் சென்றோம். எவரேனும் கரடியைக் கண்டு நிறுத்தினால் பின்வரும் வண்டிகள் அனைத்தும் நின்றுவிடுகின்றன. திரும்பி வர மூன்று மணி நேரமாயிற்று. இரவில் சூடேற்றும் கருவியைத் தணித்துவைத்து, கம்பளிகளை இரட்டையாகப் போர்த்திக்கொண்டோம். இருளில் அந்தச் சிறு இயந்திரத்தின் ஓசையையே செவிகொடுத்துக் கேட்டவாறு எங்களுள் மற்றவர் நெடுநேரம் விழித்திருந்தார்.

விடிந்ததும் மருமகன் முதல் வேலையாகத் தனிப் பாட்டரியின் அளவுகாட்டியை நோக்கினார். மூன்றில் ஒரு பங்கு எஞ்சியிருந்தது. அதைத் தெரிவிக்க மூத்தவரைத் தேடினால், படுக்கையில் ஆளில்லை. அவர் அதற்கு முன்னரே எழுந்து, வெளியில் கம்பளியைப் போர்த்தபடி பேரனோடு அமர்ந்து, மூடுபனியினூடே மேய்ந்துகொண்டிருந்த மான்களை எண்ணிக்கொண்டிருந்தார்.